கல் இல்லாதோர்

கண்டித் தலதா மாளிகையின் பின்புறம், மேட்டிலேறும் சிறுபாதையின் முடிவில், பிரித்தானியப் படையினரின் பழைய இடுகாடு உண்டு. நகரெல்லைக்குள் அடக்கஞ் செய்தல் தடைசெய்யப்பட்ட 1870களின் பின் அது காடுபற்றிக் கிடந்தது; 1998இல் திருத்தப்பட்டது. வருவோர்க்குக் காவலர் கல் கல்லாகக் கதை சொல்லும் வழக்கமும் உண்டு. 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையை வரைந்த ஜோன் டொயிலி 1824இல் காய்ச்சலாற் காலமாகி இங்கே அடக்கமானார். 1856இல் யானையால் மாண்டவரின் கதையையே உல்லாசப் பிரயாணிகள் பெரிதும் விரும்புவர் போலும்! ஆயினும், கற்களிலுள்ள வயதுகளைப் படித்தல் வேண்டும். குழந்தைகள், இருபதைக் கடந்த இளைஞர். பலரைக் கொண்டுசென்றது காய்ச்சலே.

அதே காய்ச்சலும் வாந்திபேதியும், கோப்பித் தோட்டங்களுக்கென மன்னாரிலிருந்து மாத்தளை வழியே நடந்துவந்த தமிழ்த் தொழிலாளரையும் வழியெங்கும் வீழ்த்தின. அவர்க்குக் கல் நாட்டுவார் இலர். ஆதலின் இன்று பேணுதற்கும் ஏதுமில்லை. வெள்ளையரின் கற்களைப் பேணியதை நான் குறைகூறவில்லை, நன்றே செய்தனர். அக்கற்களின் நடுவே நின்று, அந்நடைபாதையில் வீழ்ந்தோரைப் பற்றியும் சிறிது பேசலாமே என்பதுதான் என் விண்ணப்பம். பேராதனையிலிருந்து அவ்விடம் நாலு மைல்தான். வரலாற்று மாணவரை அங்கு அழைத்துச்செல்லும் விரிவுரையாளர் எவரும் இவ்வாண்டே அதனைத் தொடங்கலாம்.