அணைத்த பிறகும் ஓடும் விசிறி

மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடுவது நாக்பூருக்குப் புதிதல்ல. 2019இல் அப்படியொரு பிற்பகலில், நகரின் பழைய பகுதியிலுள்ள பேக்கரி ஒன்றில் மின்சார ஓவன் தானாகவே நின்றுபோனது. அந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. உள்ளே ஆறு ட்ரே பாவ் பாதி வெந்த நிலையில் அமுங்கிக் கிடந்தது. இரவு ஏழு மணிக்குள் திருமண மண்டபம் ஒன்றுக்கு 1,200 பாவ் போய்ச் சேர வேண்டும். முன்பணமும் வாங்கியாகிவிட்டது.

யார் மேல் பழியைப் போடுவது என்பதில் முதலாளிக்கு, அதாவது எல்லோரும் அழைக்கிறபடி ‘சேட்’டுக்கு, சந்தேகமே இல்லை. ஓவனைப் பார்த்துக்கொள்வது 19 வயது சோட்டு. “கதவை அடிக்கடி திறந்து கெடுக்கிறான்” என்பது சேட்டின் கட்சி. முதல் இரண்டு முறை வீணான மாவுக்காக அவன் சம்பளத்தில் 1,500 ரூபாய் பிடிப்பதாக ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது.

முதலில் வந்தவர் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன். ஐந்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். “கட்-அவுட்தான் தகராறு பண்ணுகிறது. ஒயரை டைரக்ட் பண்ணிவிட்டால் நிற்கவே நிற்காது.” சேட் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார். அந்த நேரத்தில்தான் தொலைபேசியில் அழைத்திருந்த கிழட்டு மிஸ்திரி சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

அவர் ஓவனைத் தொடவில்லை. சோட்டுவிடம்தான் பேசினார். எப்போது நிற்கிறது?

“முதல் ஈடு நன்றாகப் போகிறது, சாச்சா. இரண்டாவது ஈட்டில்தான் நிற்கிறது. அரை மணி ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது.”

“சத்தம்?”

“மூன்று வாரத்துக்கு முன்னால் கரகரவென்று கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. சேட்டிடம் சொன்னேன்.”

சேட் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தகைய ஓவனில் இரண்டு விதமான விசிறிகள் உண்டு. ஒன்று வேகும் அறைக்குள் சூடான காற்றைச் சுழற்றுவது. பலருக்கும் தெரிந்தது இது மட்டும்தான். மற்றது வெளிக்கூட்டுக்குள் மறைந்திருக்கும். உள்ளங்கை அளவே இருக்கும். சமையலில் அதற்குப் பங்கில்லை. மின்னணு போர்டும் ஒயர்களும் இருக்கும் பெட்டிக்கு வெளிக்காற்றை இழுத்துக் கொடுப்பது அதன் வேலை. அது நின்றால் முதல் ஈட்டில் தெரியாது, பெட்டி இன்னும் சூடேறியிருக்காது. சூடு எல்லை மீறும்போது கட்-அவுட் ஓவனை நிறுத்திவிடும்.

மிஸ்திரி மெயினை அணைத்தார். சில நிமிடம் பொறுத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். காற்று நுழையும் வலையில் மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. விசிறியின் இறக்கையை விரலால் தள்ளினார். அரைச் சுற்று சுற்றி நின்றது. பிறகு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மின்சாரம் கொடுத்து, விசிறியின் முனைகளில் மீட்டரை வைத்தார். 230 வோல்ட் காட்டியது. ஆக, ஒயரிலும் ரிலேயிலும் குறையில்லை. மின்சாரம் வந்தும் சுற்றாத விசிறிதான் செத்திருந்தது. கட்-அவுட் தன் கடமையைச் சரியாகவே செய்திருந்தது.

“திருடனைப் பார்த்துக் குரைத்த நாயை அடித்துக் கொல்லப் பார்த்தீர்கள்” என்றார் மிஸ்திரி. டைரக்ட் பண்ணியிருந்தால் அன்றைக்கு ஓவன் ஓடியிருக்கும். கூடவே போர்டு கருகியிருக்கும், ஒயரின் உறை உருகியிருக்கும். தீப்பிடித்தாலும் ஆச்சரியமில்லை.

சோட்டு பழைய விசிறியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் சீதாபுல்டிக்குப் பறந்தான். அதே அளவு, 230 வோல்ட், பால் பேரிங் உள்ளது. கம்ப்யூட்டருக்குப் போடும் 12 வோல்ட் விசிறியை யாராவது தலையில் கட்டினால் வாங்காதே என்று மிஸ்திரி சொல்லி அனுப்பினார். சாதாரணப் புஷ் பேரிங்கில் இருக்கும் எண்ணெய் இந்தச் சூட்டில் சீக்கிரம் வற்றிவிடும். அவன் திரும்புவதற்குள் வலையைப் பிரஷ்ஷால் துலக்கினார். காற்றுத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த மாவு மூட்டைகளை நகர்த்தச் செய்தார். புது விசிறியின் சட்டத்தில் அச்சிட்டிருந்த அம்புக்குறியைப் பார்த்து, காற்று சரியான திசையில் போகும்படி பொருத்தினார். திருப்பிப் பொருத்தினாலும் விசிறி சுற்றும், ஆனால் காற்று எதிர்த் திசையில் போகும்.

கடைசியாக ஒரு கேள்வி. “ராத்திரி வேலை முடிந்ததும் என்ன செய்வீர்கள்?”

“மெயினை நானே அணைத்துவிடுவேன்” என்றார் சேட் பெருமையாக. “ஓவனை நிறுத்தின பிறகும் உள்ளே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் வீண்தானே?”

அந்த ‘ஏதோ ஒன்று’தான் இந்த விசிறி. 200 டிகிரிக்கு மேல் காய்ந்த ஓவனை நிறுத்தியதும் சூடு போய்விடாது. சுவர்களில் தங்கியிருக்கும் வெப்பம் மெல்ல வெளியே வரும். அதைப் போர்டில் ஏறவிடாமல் துரத்துவதற்காகவே விசிறி தொடர்ந்து ஓடுகிறது. பெட்டி ஆறியதும் தானே நின்றுவிடும். சேட் இரவுதோறும் அதை நிறுத்தி, அந்த விசிறியையே வெப்பத்தில் வேகவைத்திருக்கிறார். மிஸ்திரி மாவுப் பலகையில் விரலால் கணக்குப் போட்டுக் காட்டினார். விசிறி சுமார் 20 வாட். 50 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். தினமும் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு முக்கால் யூனிட்கூட ஆகாது.

பாவ் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதில் 300 பாவ் வேறு பேக்கரியில் நஷ்டத்துக்கு வாங்கியது. கடையைப் பூட்டும் நேரத்தில் சேட்டின் கை வழக்கம்போல மெயினுக்குப் போனது. உள்ளே விசிறி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் ஓடும்?”

“தானே நிற்கும், சேட்.”

இருவரும் காத்திருந்தார்கள்.

மாதக் கடைசியில் சோட்டுவின் சம்பளம் முழுசாக வந்தது. 1,500 ரூபாயைப் பற்றிச் சேட் எதுவும் சொல்லவில்லை. சோட்டுவும் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் வலையைத் துலக்கும் வேலை மட்டும் அவனுக்குப் புதிதாக வந்து சேர்ந்தது.