கடலுக்கு இட்ட கணையாழி

திருமணத்துக்கு நாள் குறிப்பவர்கள் பெற்றோராக இருக்கலாம், குருமாராக இருக்கலாம், மண்டபத்துக்காரராகவும் இருக்கலாம். தேனிலவுக்கு நாள் குறிப்பவர்கள் மணமக்கள் மாத்திரமே. ஒரே பணப்பையை நடுவில் வைத்து, ஒரே நாட்காட்டியைக் குனிந்து பார்த்து, இருவரும் சேர்ந்து முடிவு செய்யும் முதற் காரியம் பெரும்பாலும் அதுவாகவே அமைகின்றது. எனவே தேனிலவைத் திட்டமிடுதல் வெறும் பிரயாண ஏற்பாடன்று. இல்லறத்தின் முதல் ஒத்திகை எனலாம். அவ்வொத்திகையில் யார் பேசுகிறார், யார் கேட்கிறார், யார் மௌனமாக இருக்கிறார் என்பவற்றை நோக்கினால், பின்னர் வரப்போகும் நாட்களின் சாயலை அங்கேயே கண்டுகொள்ளலாம்.

ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிலே, பழைய கல்வீடொன்றின் மூன்றாம் மாடியில், பெப்ரவரி மாதத்துக் குளிர் இரவொன்றில் இத்தகைய ஒத்திகையொன்று நடந்தது. மணம் முடிந்து மூன்று வாரங்களே கடந்திருந்தன. விடுமுறை கிடையாமையால் தேனிலவு பிற்போடப்பட்டிருந்தது. அவன் கணக்காளர் நிலையமொன்றிலே பகல் முழுதும் தொழில் செய்பவன். அவள் வைத்தியசாலையில் தாதி. மாதத்திற் பாதி இரவுகள் அவளுக்குக் கடமை இரவுகள். அவன் வீடு திரும்பும் வேளையில் அவள் புறப்படுவாள். அவள் திரும்பும் வேளையில் அவன் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டிருப்பான். படிக்கட்டிலே சந்தித்துப் படிக்கட்டிலே பிரிவது அவர்களது வழக்கமாகிவிட்டிருந்தது.

அன்றிரவு இருவரும் வீட்டிலிருந்தனர். மேசைமீது வெனிஸ் நகரின் வரைபடம் விரிந்து கிடந்தது. அதன் அருகே, கோடிட்ட தாளொன்றில், கணக்குப் புத்தகம் எழுதும் கையாலேயே அவன் நான்கு நாட்களின் திட்டத்தை எழுதியிருந்தான். பயணம் யூன் மாதத்தில். ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு நிரை. ஒவ்வொரு நிரையிலும் ஓர் இடம். புனித மாற்குச் சதுக்கம், மணிக்கூண்டு, கோமான் மாளிகை, ரியால்ற்றோ பாலம், கண்ணாடி ஊதும் முரானோ தீவு, வண்ண வீடுகள் நிறைந்த புரானோ தீவு என்று அது நீண்டது. செலவைக் குறைப்பதற்காகத் தங்குமிடம் மட்டும் நகருக்கு வெளியே, பெருநிலத்து மெஸ்திரேயில். இறுதி மாலையிலே கொண்டோலாப் படகில் ஏறி, பெருமூச்சுப் பாலத்தின் அடியில் சூரியன் மறையும் வேளையில் முத்தமிடுதல். அந்த ஒரு நிரையை மட்டும் அவன் சிவப்பு மையால் எழுதியிருந்தான்.

அவள் தாளை நெடுநேரம் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவளது மௌனத்தை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அவன் வெனிசைத் தேர்ந்தது தற்செயலன்று. மணமக்கள் பிரயாணம் போகும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வக் குடும்பங்களிடையே வலுப்பெற்றது. தொடக்கத்தில், திருமணத்துக்கு வரமுடியாத உறவினரைச் சென்று காண்பதே அதன் நோக்கமாக இருந்தது. புகையிரதப் பாதைகள் பெருகியபோது உறவினர் வீடுகள் போய், இத்தாலிய நகரங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 1846இல் கடற்காயலுக்குக் குறுக்கே புகையிரதப் பாலம் திறக்கப்பட்டதும், அதுவரை படகிலன்றிச் சென்றடைய முடியாதிருந்த வெனிஸ் எளிதில் எட்டும் நகராயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகள், நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள், மோட்டார் வண்டியின் ஓசையே கேளாத தெருக்கள் ஆகிய இவை காதலருக்கென்றே அமைந்தனபோலத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயின் நகரங்கள் காதலருக்கென்று கட்டப்படுவதில்லை. சிவப்பு மையால் எழுதப்பட்ட அந்தப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1600ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட அது, கோமான் மாளிகையின் விசாரணை அறைகளையும் கால்வாய்க்கு அப்பாலுள்ள சிறைச்சாலையையும் இணைப்பது. தண்டனை பெற்றவன், கல்லாலான சாளரத் துளைகளினூடாக வெளியுலகை இறுதியாகப் பார்த்து விடும் பெருமூச்சே அதன் பெயருக்குக் காரணம் என்பர். அப்பெயரை உலகறியச் செய்தவர் ஆங்கிலக் கவிஞர் பைரன். அதன் அடியில் முத்தமிடும் காதலருக்கு நிலைத்த அன்பு கிட்டும் என்ற நம்பிக்கையோ மிகப் பிற்பட்டது. 1979இல் வெளிவந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்தின் கதை இந்நம்பிக்கையின்மீதே எழுந்தது. கைதியின் பெருமூச்சின் கீழே காதலர் முத்தமிடுகின்றனர். பாலம் இரண்டையும் ஒரே முகத்தோடு பார்த்திருக்கின்றது.

அவளது மௌனத்துக்கான காரணம் மறுநாட் காலையிலேயே வெளிவந்தது. அவள் பேர்த் நகரத்துப் பெண். அந்நகரத்தார் மறவாத ஒருத்தி எஃபி கிறே. அங்கே மணம் முடித்து, நெடுங்காலத்தின் பின் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவள். 1848 ஏப்ரலில், தன் பத்தொன்பதாம் வயதில், கலை விமரிசகர் யோன் ரஸ்கினை அவள் மணந்தாள். அவ்வாண்டு ஐரோப்பா எங்கும் புரட்சிகள் மூண்டிருந்தமையால் அவர்களது கண்டப் பிரயாணம் தடைப்பட்டது. 1849 நவம்பரிலேதான் இருவரும் வெனிசை அடைந்தனர். ஒஸ்திரியப் படையின் முற்றுகைக்கு அந்நகர் பணிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ரஸ்கின் அளவுகோலும் குறிப்புப் புத்தகமுமாக ஏணிகளில் ஏறித் தூண்களையும் வளைவுகளையும் அளந்தார். 1851 முதல் 1853 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த ‘வெனிசின் கற்கள்’ என்னும் பெருநூல் அவ்வுழைப்பின் பயன். எஃபி தனியே நடனங்களுக்கும் விருந்துகளுக்கும் சென்றாள். அவள் அங்கு துன்புற்றாள் என்று சொல்வதற்கில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அவள் மகிழ்ச்சியோடிருந்ததே தெரிகின்றது. ஆனால் அந்த மகிழ்ச்சியிற் கணவனுக்கு இடமில்லை. கணவனின் வியப்பில் மனைவிக்கு இடமில்லை. மெய்யான மணவாழ்வு தொடங்கவேயில்லை என்ற காரணத்தால் 1854இல் அத்திருமணம் செல்லாததாக்கப்பட்டது. மறு ஆண்டில் அவள் ஓவியர் மில்லேயை மணந்து எட்டுப் பிள்ளைகளுக்குத் தாயானாள்.

இக்கதையை அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள். முடிவிலே, “உன் தாளில் எல்லாக் கற்களும் இருக்கின்றன, நான் எந்த நிரையில் இருக்கிறேன்?” என்று கேட்டாள்.

அவனுக்குச் சினம் மூண்டது. ஈராண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. மதிய உணவை வீட்டிலிருந்தே கொண்டுபோய் மிச்சம்பிடித்த பணம். அவளுக்கு எதுவும் குறைவாகக் கிடைத்துவிடக் கூடாது என்றே ஒவ்வொரு மணித்தியாலத்தையும் அவன் நிரப்பியிருந்தான். அந்த அன்பை அவள் அளவுகோல் என்று சொல்லிவிட்டாளே! இரண்டு நாட்கள் இருவரும் தேவையானதை மட்டும் பேசினர். நம் இலக்கண ஆசிரியர்கள் ஊடல் என்று பெயரிட்ட அந்நிலை, எந்நாட்டு வீட்டிலும் இதே குளிரோடுதான் வந்து அமர்கின்றது.

மூன்றாம் நாள் அவன் நூலகத்துக்குச் சென்றான். ரஸ்கினைப் பற்றித் தேடப் போனவனின் கையில் வேறொரு தம்பதியரின் கதை அகப்பட்டது. நாவலாசிரியை ஜோர்ஜ் எலியற், 1880 மே மாதத்தில், தன் அறுபதாம் வயதில், தன்னிலும் இருபது ஆண்டுகள் இளையவரான யோன் குறொஸ் என்பவரை மணந்தார். பிரான்ஸ் வழியாக இத்தாலிக்கு வந்து, யூன் மாதத்து வெப்பத்திலே வெனிசில் தங்கினர். அம்மாத நடுப்பகுதியில் ஒருநாள், குறொஸ் விடுதியின் மாடி முகப்பிலிருந்து பெருங்கால்வாயிற் குதித்துவிட்டார். படகோட்டிகள் அவரை மீட்டனர். அவர் தேறி நெடுங்காலம் வாழ்ந்தார். எலியற்றோ அவ்வாண்டு டிசெம்பரிலேயே மறைந்தார். குதித்ததற்குக் காரணம் இதுவென்று அறுதியிட்டுச் சொன்னவர் எவருமில்லை. பிறர் மனத்தின் மூலை முடுக்குகளையெல்லாம் தன் நாவல்களில் விளக்கிய அப்பேராசிரியைக்கும் அருகில் இருந்தவரின் மனம் ஒரு கணம் மறைந்தே நின்றது.

நூலை மூடியபோது அவனது சினம் தணிந்திருந்தது. அவன் நேரே வைத்தியசாலை வாயிலுக்குச் சென்று, அவளது கடமை முடியும் வரை பனியில் நின்றான். வீடு திரும்பும் வழியில், “உனக்கு எதைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டான். இக்கேள்வியை அவன் அதுவரை கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவள் சொன்ன விடை மிகச் சிறியது. “ஒரே நேரத்தில் உறங்கி ஒரே நேரத்தில் விழிக்க வேண்டும். ஒரு நாளாவது காலை உணவை ஆறவிடாமல் எதிரெதிரே இருந்து உண்ண வேண்டும். அதன்பிறகு எதைக் காட்டினாலும் பார்க்கிறேன்.”

அன்றிரவு புதிய தாளொன்று எடுக்கப்பட்டது. இம்முறை எழுதுகோல் இருவர் கைக்கும் மாறி மாறிச் சென்றது. முதலிற் காலம் மாறியது. யூன் மாதத்தில் வெனிஸ் தன்னைக் காண வருவோரின் எடையால் திணறுவது. 2024 ஏப்ரல் 25 முதல், தெரிந்தெடுத்த நாட்களில், ஒருநாட் பயணிகளிடம் அந்நகர் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. முதலாண்டில் 29 நாட்களுக்கு அது 5 யூரோவாக இருந்தது. 2025இல் நாட்கள் 54 ஆயின. பிந்திப் பதிவு செய்தோருக்குக் கட்டணம் 10 யூரோ ஆயிற்று. வாழும் நகரொன்று தன் வாயிலிற் சீட்டு விற்கும் நிலை வந்ததென்றால், அங்குள்ளோரின் வாழ்வு எவ்வளவு நெருக்கப்பட்டிருக்க வேண்டும்! 1951இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில், 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கியது. வீடுகள் பயணிகளின் வாடகை அறைகளாக மாறுவதும் அதற்கொரு காரணம். ஆதலால், வீடொன்றை வாடகைக்கு எடுப்பதில்லை என்றும், தீவுக்குள்ளேயே சிறு விடுதியொன்றில் தங்குவதென்றும் அவள் எழுதினாள். பகற்கூட்டம் கலைந்த பின்னர் நகரின் காலடியோசையைக் கேட்க வேண்டுமாயின் இரவிலும் அங்கேயே இருத்தல் வேண்டும். அதற்காக நான்கு நாட்கள் மூன்றாகக் குறைந்தன.

கொண்டோலாச் செலவை அவன் எழுதினான். 2023இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி பகலில் அரை மணித்தியாலத்துக்கு 90 யூரோ. இரவு 7 மணிக்குப் பின் 110 யூரோ. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். பெருங்கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஊரவரை ஏற்றிச் செல்லும் தோணியும் அதே குலத்துப் படகுதான். ஓரிரு யூரோவுக்கு அதிலே போகலாம். சிவப்பு மையால் எழுதிய நிரை இவ்விதம் நீல மையாயிற்று.

ஈற்றிலே அவர்கள் தேர்ந்தது நவம்பர் மாதம். அம்மாதம் 21ஆம் நாள் வெனிஸ் மக்கள் தமக்கென்றே கொண்டாடும் திருநாள். 1630, 1631ஆம் ஆண்டுகளிற் பரவிய கொள்ளைநோயிலிருந்து மீண்டமைக்கு நன்றியாக எழுப்பப்பட்ட ஆரோக்கிய மாதா ஆலயத்துக்கு, பெருங்கால்வாயின்மேல் இடப்படும் தற்காலிகப் பாலத்தால் நடந்து சென்று மெழுகுதிரி ஏற்றுவர். ஆட்டிறைச்சியும் கோவாவும் இட்ட சூப்பு அருந்துவர். நோயாளரின் கட்டிலருகே இரவுகளைக் கழிப்பவளுக்கு, பெருமூச்சுப் பாலத்திலும் இந்த நன்றிப் பாலமே நெருக்கமாகப் பட்டது.

நவம்பரிலே கடல் பெருகும் என்பதையும் அவர்கள் அறிவர். 1966 நவம்பர் 4இல் 194 சென்ரிமீற்றரும், 2019 நவம்பர் 12இல் ஏறக்குறைய 187 சென்ரிமீற்றரும் உயர்ந்த நீர் அந்நகரை அலைக்கழித்தது. 2020 ஒக்ரோபர் 3 முதல், காயலின் மூன்று வாய்களிலும் 78 கதவுகள் எழுந்து பெருவெள்ளத்தைத் தடுக்கின்றன. ஆயினும் சிறு பெருக்கிலேயே புனித மாற்குச் சதுக்கத்தின் தாழ்ந்த பகுதிகள் நனையலாம். “இரண்டு சோடி இறப்பர்ச் சப்பாத்து” என்று தாளின் அடியில் எழுதினான். தேனிலவுப் பட்டியலுக்குப் பொருந்தாத அந்த வரியைக் கண்டு அவள் மகிழ்ந்தாள். வெயிலை மட்டுமன்றி வெள்ளத்தையும் சேர்த்தெண்ணிய முதல் வரி அது.

வெனிசுக்கும் ஒரு திருமணம் உண்டு. நூற்றாண்டுக் கணக்காக, இயேசுவின் விண்ணேற்ற நாளன்று, குடியரசின் கோமான் பொற்படகிற் சென்று, கணையாழியொன்றைக் கடலில் இட்டுக் கடலை மணப்பார். 1797இல் நெப்போலியனிடம் குடியரசு வீழும் வரை அது நடந்தது. இன்றும் நகரபிதா அதனை நினைவுச் சடங்காக நிகழ்த்துகின்றார். சோறு தந்ததும் கடல். வீட்டுக்குள் புகுந்து அழித்ததும் அதே கடல். முதற் கணையாழியோடு மணம் நிறைவுற்றதென்று அந்நகர் கருதவில்லை. ஆண்டுதோறும் புதிதாக ஒன்றை இட்டது.

அவர்களது புதிய தாளிலே, நடுநாளுக்குரிய பக்கம் வெறுமையாக விடப்பட்டது. கணக்கெழுதும் கைக்கு வெற்றிடம் விடுதல் எளிதன்று. அவன் இருமுறை எழுதுகோலை எடுத்தான். இருமுறையும் கீழே வைத்தான். பின்னர் அந்நாளின் தலைப்பில் “காலை உணவு” என்று மட்டும் எழுதி, தாளை அவள் பக்கம் நகர்த்தினான். கடலுக்கு இட்ட கணையாழி மீண்டு வருவதில்லை. மனிதருக்கு இட்டதோ சிலவேளை ஒரு வெற்றுத் தாளின் வடிவில், மூன்றாம் மாடிச் சிறு மேசையொன்றின்மேல் மீண்டும் கைக்கு வந்து சேர்கின்றது.