நல்ல நாள் பார்த்து வைத்த பாட்டில்

மகள் இத்தாலி போய் வந்தபோது இரண்டு பாட்டில்கள் கொண்டு வந்தாள். ஒன்று ஆலிவ் எண்ணெய், மற்றொன்று மோடெனா ஊர் பால்சமிக் வினிகர். "நல்ல நாள் பார்த்துத் திறக்கலாம்" என்று என் மனைவி ஹால் ஷோகேஸில் வைத்தாள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம்.

இரண்டு வருடம் போயிற்று. அவளும் போய்விட்டாள்.

சமையல் என் கைக்கு வந்த பிறகு ஒருநாள் திறந்தேன். எண்ணெயில் சிக்கு வாடை. வெளிச்சமும் சூடும் அதற்கு ஆகாது. புதிதாக இருக்கும்போதே தீர்த்துவிட வேண்டும். வினிகர் மட்டும் கெடவில்லை. திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, மரப்பீப்பாயில் குறைந்தது 12 வருடம் வைத்திருந்து எடுக்கும் ரகமும் அதில் உண்டு. காத்திருக்கத் தெரிந்த சரக்கு.

இப்போது ஆலிவ் எண்ணெயைச் சின்ன பாட்டிலாக வாங்கி, அலமாரி இருட்டில் வைத்து, இரண்டே மாதத்தில் தீர்த்துவிடுகிறேன். தாளிக்க நல்லெண்ணெய்தான். வெள்ளரி, தக்காளி, வேகவைத்த கொண்டைக்கடலை மேல் ஒரு ஸ்பூன் எண்ணெய், நாலு சொட்டு வினிகர், உப்பு, மிளகு. புளிப்போடு லேசான இனிப்பு. அவளுக்குப் பிடித்திருக்கும்.

உங்கள் வீட்டு ஷோகேஸிலும் அப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே திறந்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமையானாலும் பரவாயில்லை.