குப்பை யாருடைய சொத்து?

இலங்கையின் மாநகரசபைகள் கட்டளைச் சட்டம் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கத்தது. சட்டத்தரணிகளைத் தவிர அதனைப் படித்து இன்புறுவோர் எவரும் உளரோ, அறியோம். நாம் அண்மையில் ஒருநாள் மாலை அதனைப் புரட்டிப் பார்த்தோம். வீதிக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றுவது சபையின் கடமை என 129 ஆம் பிரிவு விதிக்கின்றது. அடுத்த பிரிவு அதனினும் சுவையுடையது. சபை சேகரித்த குப்பை யாவும் சபையின் சொத்தாகுமாம். நேற்று நம் வீட்டார் எறிந்த முருங்கைக்காய்ச் சக்கையும் மீன் செதிலும் வண்டியேறிய கணமே பொதுச் சொத்தாகிவிட்டன!

இச்சொத்தை ஒழுங்காகச் சேர்ப்பது எவ்வாறு என்பதே சபைகளில் ஓயாத விவாதம். வண்டி படலைதோறும் வரவேண்டுமா, ஒழுங்கை முகப்பில் நின்றாற் போதுமா? எந்தெந்தக் கிழமைகளில் வருவது? சபையின் ஊழியர் அள்ளுவதா, குத்தகைக்காரரிடம் விடுவதா? சோலைவரிக்கு மேலாகக் கட்டணம் அறவிடலாமா? இவை சிறிய கேள்விகள் அல்ல. ஆயினும் இவை யாவும் நமது படலையிலிருந்து வண்டி வரையிலான தூரத்தைப் பற்றியவை. வண்டி புறப்பட்ட பின்னர் நடப்பதை உறுப்பினரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

கொழும்பின் கதையை எண்ணிப் பாருங்கள். நகருக்குள்ளே புளூமெண்டால் பகுதியில் ஒரு மேடு வளர்ந்தது. அதற்குப் பின் மீதொட்டமுல்லையில் மற்றொன்று எழுந்தது. மீதொட்டமுல்லை கொழும்பு மாநகர எல்லைக்குள் உள்ளதன்று; கொலன்னாவையைச் சேர்ந்தது. கொழும்பார் உண்டு எறிந்தது, கொழும்புச் சபைக்கு வாக்களிக்கும் உரிமையே இல்லாத மக்களின் கூரைகளுக்கு மேலே குவிந்தது. துர்நாற்றமும் ஈயும் வெள்ளமும் தம்மை வாட்டுவதாக அவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளின் பிற்பகலில், அம்மேடு சரிந்தது. புத்தாண்டுக்கென வீட்டில் கூடியிருந்தோர் மீதே அது விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன.

பின்னர் குப்பைக்குப் புதிய இடம் தேடினர். ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டைத் தெரிந்தபோது அம்மக்கள் வீதியில் இறங்கி மறுத்தனர். அவர்கள் மறுத்ததில் வியப்பென்ன? 2021 ஆம் ஆண்டில் கெரவலப்பிட்டியில், குப்பையை எரித்து 10 மெகாவாற்று மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நல்லதே. ஆனால் நம் நாட்டு வீட்டுக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது ஈரமான உணவுக் கழிவு. ஈர விறகு எரிக்கும் துன்பத்தை நம் தாய்மார் அறிவர். நெருப்புக்கு அத்துன்பம் இங்கும் உண்டு. மேட்டில் விட்டாலோ அதே ஈரக்கழிவு அழுகி, எரியும் வாயுவைக் கக்குகின்றது. தனியே பிரித்துவிட்டால் அதுவே பசளை. யாழ்ப்பாணத்து வளவுகளில் கழுநீர் மாட்டுக்கும் சருகு எருக்கிடங்குக்கும் போனதற்கு எந்தச் சபையும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. வெள்ளவத்தை மாடிவீட்டில் எருக்கிடங்குக்கு எங்கே போவது?

ஆகவே நம் வீட்டில் உக்குவதற்கு ஒரு வாளி, உக்காததற்கு ஒரு வாளி என வைத்திருக்கிறோம். அயல்வீட்டு அம்மையார் அதைக் கண்டு நகைத்தார். “பிரிச்சு வைச்சு என்ன பிரயோசனம் தம்பி? லொறியில எல்லாத்தையும் ஒண்டாத்தானே கொட்டுறாங்கள்!” என்றார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. வண்டியில் வரும் ஊழியரிடம் அதையே வினவினோம். அவர் மறுமொழி கூறாது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே நீண்டதொரு தழும்பு. “யாரோ பைக்குள்ள போட்ட கண்ணாடி ஐயா. போத்தல் ஓட்ட வேறயாக் கட்டித் தந்தா எங்க கை தப்பும். மத்தது பெரியவங்க பாக்க வேண்டியது” என்றார்.

பெரியவர்கள் பார்க்க வேண்டியது எளியதே என்பது நமது எண்ணம். ஈரக் குப்பைக்கு ஒரு கிழமை, உலர்ந்ததற்கு வேறொரு கிழமை என வண்டியையே பிரித்துவிட்டால், கலந்து கொட்ட வழியில்லை. கட்டணம் கேட்டாலும் நாம் கொடுப்போம். ஆனால் வண்டி நுழைய முடியாத தோட்டக் குடியிருப்புகளில், ஓரறையில் ஆறுபேராய் வாழ்வோரிடமும் அதே தொகையைக் கேட்பது தகாது. அவர்கள் எறிவதும் குறைவு. அவர்களுக்குக் கிடைக்கும் சேவையும் குறைவு.

அயல்வீட்டு அம்மையார் இன்னும் இரண்டாவது வாளி வாங்கவில்லை. தழும்பின் கதையைக் கேட்ட பின்னர், போத்தல் ஓடுகளை மட்டும் பழைய பத்திரிகையிற் சுற்றித் தனியே வைக்கிறார். சென்ற கிழமை அவர் அதற்கெனக் கிழித்தது இந்த ஞாயிறு மலரைத்தான்.