அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம்

மழை வந்தால் சிலருக்குக் கவிதை வருமாம். எங்கள் வீட்டில் மூன்று வாளியும் ஒரு குண்டானும் கூடத்துக்கு வந்தன. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்த அம்மா, இப்போது ஈப்போவை அடுத்த தாமான் வீட்டில் எங்களோடு இருக்கிறார். வீட்டின் பின்பக்கச் சமையற்கட்டு, முன்பிருந்தவர் இழுத்துக் கட்டியது. 2022-ஆம் ஆண்டில் அதன் தகரக் கூரை துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியது.

பேராக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கொட்டும். அதற்குள் கூரையை மாற்றிவிட நினைத்தேன். உறவினர் ஒருவர் ஒரு குத்தகையாளரை அழைத்துவந்தார். "நம்ம ஆளு சார், கவலையே வேண்டாம்" என்றார். 4,200 வெள்ளி என்று வாய்ப்பேச்சிலேயே முடிந்தது. 2,500 வெள்ளியை முன்பணமாக வங்கி வழியே அனுப்பினேன். காகிதத்தில் ஒரு வரி எழுதவில்லை. நம்ம ஆளிடம் காகிதம் கேட்டால் மனம் நோகாதா?

வேலை நடந்தபோது அம்மா கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, மேல் தகரம் கீழ்த் தகரத்துக்கு அடியிலே போகுதேப்பா. தண்ணி உள்ளேதானே வரும்?"

"நீ உள்ளே போம்மா. அவங்களுக்குத் தெரியாததா?" என்று அடக்கிவிட்டேன். இரண்டே நாளில் வேலை முடிந்தது. மீதிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

முதல் பெருமழையிலேயே அடுப்பின்மேல் தண்ணீர் கொட்டியது. குத்தகையாளர் ஒருமுறை வந்து பசையைப் பூசிவிட்டுப் போனார். மறுபடி ஒழுகியது. அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை. நவம்பரில் ஒரு விடியற்காலை, தேநீர் போட எழுந்த அம்மா ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு வீடு திரும்பும்போதும், "நான் அப்பவே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

எங்கள் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த பெரியவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். மூன்று குறைகளைச் சொன்னார். தகரத்தைக் கீழிருந்து மேலாக அடுக்கி, மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மேல் படியும்படி வைக்க வேண்டும். இங்கே தலைகீழாக வைத்திருந்தார்கள். திருகாணியைத் தகர நெளிவின் மேட்டில் இறக்க வேண்டும். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இறக்கியிருந்தார்கள். கூரை சுவரைத் தொடும் இடத்தில் தகரப் பட்டை மடித்து வைக்காமல் வெறும் சிமெண்டைப் பூசியிருந்தார்கள். முதற்குறையை அம்மா தரையில் நின்றபடியே கண்டுபிடித்திருந்தார். மாணவர் தாளில் ஒற்றுப்பிழையைக்கூட விடாமல் வட்டமிடும் எனக்கு, என் தலைக்குமேல் இருந்த பிழை தெரியவில்லை!

யோசித்துப் பார்த்தால் இது என் ஒருவன் தவறு மட்டுமன்று. தோட்டத்தில் லயத்துக் கூரை ஒழுகினால் கிராணியாரிடம் சொல்வோம். தோட்டத்துத் தச்சர் வருவார். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும் அந்தப் பராமரிப்பை முதலாளியின் பொறுப்பாகவே வைத்தது. தாமானுக்கு வந்தபின் கூரை நம்முடையது, பொறுப்பும் நம்முடையது. ஆனால் குத்தகையாளரிடம் எப்படிப் பேசுவது என்று நம் வீடுகளில் யாரும் சொல்லித்தரவில்லை. நாமும் கேட்க வெட்கப்படுகிறோம்.

"எதற்கு வம்பு?" என்று பலர் சொன்னார்கள். ஆனாலும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுத்தேன். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மன்றம் அது. கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை இழப்பைக் கேட்கலாம்; மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வங்கிச் சீட்டும், கைப்பேசியில் வந்த செய்திகளும், ஒழுகும் கூரையின் படங்களும்தான் என் சாட்சிகள். ஒப்பந்தக் காகிதம் இருந்திருந்தால் இன்னும் வலுவாகப் பேசியிருப்பேன். கடைசியில் 2,000 வெள்ளியைத் திருப்பித்தர அவர் ஒப்புக்கொண்டார். போனது போக வந்தது லாபம்.

கூரையை மறுபடி போட்டபோது, புதிய குத்தகையாளர் சி.ஐ.டி.பி.யில் பதிவு பெற்றவரா என்று முதலில் பார்த்தேன். என்ன தகரம், என்ன கனம், எத்தனை நாள், ஒழுகினால் எத்தனை மாதம் வரை இலவசமாகச் சரிசெய்வது என்று எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். பணத்தை மூன்று தவணையாகப் பிரித்தேன். கடைசித் தவணை, ஒரு பெருமழை பெய்து ஓய்ந்த பிறகுதான். அவர் முகம் சுளிக்கவில்லை. நல்ல வேலைக்காரர் காகிதத்துக்கு அஞ்சுவதில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

வேலை தொடங்கிய காலையில் கொல்லையில் ஒரு நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்தேன். முதல் வரிசைத் தகரத்தின்மேல் அடுத்த வரிசை படிந்ததும், "இப்பச் சரி தம்பி" என்றார். அதன்பிறகுதான் நான் பள்ளிக்குப் புறப்பட்டேன்.