வழி சொல்வதும் ஓர் அமானிதம்

சென்னைக்குப் புறப்படும் நம்மவர்கள், "எங்கே உண்ணலாம், எதைப் பார்க்கலாம், எதை வாங்கலாம்?" என்று நம்மிடம் கேட்பது வழக்கம். அரபியும் தமிழும் கற்பிப்பவருக்கு நகரத்து நுணுக்கமும் தெரிந்திருக்கும் என்பது அவர்களின் நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்திற்கு நாம் ஒருமுறை தவறிழைத்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவர் தம் உம்மாவைக் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். திருவல்லிக்கேணியில், இளமையில் நாம் வயிறார உண்ட ஓர் உணவு விடுதியின் பெயரை எழுதிக் கொடுத்தோம். அவர்கள் சென்றபோது அங்கே துணிக்கடை இருந்தது. கண்ணில் கட்டுடன் அந்த அம்மையார் நண்பகல் வெயிலில் தெருத்தெருவாக நடந்திருக்கிறார்கள். ஊர் திரும்பியபின், "ஹஜ்ரத் சொன்ன இடமாயிற்றே என்றுதான் தேடினோம்" என்று மட்டும் சொன்னார்கள். குறை கூறாத அச்சொல் நம்மைச் சுட்டது.

சிறுவயதில் நம் வாப்பா மூர் மார்க்கெட்டில் பழைய அகராதி ஒன்று வாங்கித் தந்தார்கள். 1985இல் அவ்வங்காடி தீக்கிரையாயிற்று; அவ்விடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. நகரம் மாறும் என்பதை அன்றே கண்டிருந்தும், நினைவை நம்பி வழி சொல்லிவிட்டோம். ஆகவே அடுத்த விடுமுறையில் திருவல்லிக்கேணியைக் கால்நடையாகச் சுற்றி வந்தோம். கண்டதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதலில் வாலாஜா பள்ளிவாசல். கருங்கல்லால் 1795இல் எழுந்தது. பலர் தொழுதுவிட்டு உடனே புறப்பட்டு விடுகின்றனர். சற்றே தங்கி, அங்குள்ள பாரசீகக் கல்வெட்டைக் காணவேண்டும். எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் ஆண்டு கிடைக்குமாறு அதை இயற்றியவர், நவாபின் அவையிலிருந்த ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் பெருமகனார். லக்னோவின் பிரங்கி மஹல் மரபில் வந்து, 'கல்விக்கடல்' எனப் பொருள்படும் பஹ்ருல் உலூம் பட்டம் பெற்ற மௌலானா அப்துல் அலீ அவர்களும், 1972இல் மறைந்த காயிதே மில்லத் அவர்களும் இவ்வளாகத்தில் அடங்கியுள்ளனர். ரமளானில் சென்றால், மயிலாப்பூர் சூஃபிதார் ஆலயத்துச் சிந்தி அன்பர்கள் நோன்பு திறப்பதற்குச் சைவ உணவு சமைத்து வந்து பரிமாறுவதைக் காணலாம். பல பத்தாண்டுகளாகத் தொடரும் பணி இது.

காலைச் சிற்றுண்டிக்கு 1948இல் தொடங்கிய ரத்னா கபே. அங்கே இட்டலியைச் சாம்பாரில் மிதக்கவிட்டு உண்பதே முறை. தொட்டுக்கொள்ளக் கிண்ணம் கேட்பவர் வெளியூரார் என்று தெரிந்துவிடும்!

நூல் விரும்பிகள், முன்னாளில் பைகிராஃப்ட்ஸ் சாலை எனப்பட்ட பாரதி சாலைக்குச் செல்க. பழைய நூல்களை நடைபாதையில் அடுக்கியிருப்பர். முதற்பக்கத்தின் அழகில் மயங்காமல், கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பின்பே விலை பேசுக. அதே சாலையில் கிழக்கே நடந்தால் மெரினா. வெயில் ஏறுமுன் செல்வது நலம்.

மறுபரிசோதனைக்காக அந்த அம்மையார் மீண்டும் சென்னைக்குப் புறப்பட்டபோது, மாணவர் நம்மிடமே வழி கேட்டு வந்தார். கூசியபடியே எழுதிக் கொடுத்தோம். இம்முறை தாளின் அடியில், நாம் அவ்விடங்களை நேரில் கண்ட தேதியைக் குறித்தோம். "போகுமுன் அங்குள்ளவர் ஒருவரைக் கேட்டுக்கொள்க" என்றும் சேர்த்தோம்.