ஓலைக் குடிசையும் அடுக்குமாடியும்

யாழ்ப்பாணத்தவர்க்குச் சிங்கப்பூர் புதிய பெயரன்று. நம் பாட்டன்மார் பலர் மலாயாவிலும் அங்கும் உத்தியோகம் பார்த்து, மிச்சம் பிடித்த பணத்தில் ஊரிலே காணி வாங்கிக் கல்வீடு கட்டினர். ஆயின் அவர்கள் கண்ட சிங்கப்பூர் வேறு. இன்று நாம் காணும் சிங்கப்பூர் வேறு.

புக்கிட் ஹோ சுவீ என்னும் பகுதியில் நாம் நடந்தபோது, நிரை நிரையாக அடுக்குமாடிகளும், அவற்றின் கீழ்த்தளத்துத் திறந்த வெளியில் இளைப்பாறும் முதியோரும், யன்னலுக்கு வெளியே கழிகளில் உலரும் ஆடைகளுமே கண்ணிற் பட்டன. 1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, ஹஜ்ஜுப் பெருநாளன்று, இங்கே பலகையாலும் ஓலையாலும் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்த குடிசைகளைத் தீ விழுங்கிற்று. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பெப்ரவரியிலேயே அமைக்கப்பட்டிருந்தது. அழகிலும் விரைவையே முதன்மையாகக் கொண்டு சிறிய வீடுகளைக் கட்டி, தீயால் நலிந்தோரை அது குடியேற்றிற்று. 1964 முதல் வீடுகள் விலைக்கும் வழங்கப்பட்டன. 1968 முதல் தொழிலாளர் தம் சேமநிதிப் பணத்தாலேயே தவணை கட்டலாயினர். இதற்கு வேண்டிய நிலத்தை, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசு குறைந்த நட்டஈட்டுடன் தனியாரிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1989 முதல் ஒவ்வொரு மாடித் தொகுதியிலும் சீனர், மலாயர், இந்தியர் கலந்து வாழுமாறு விகிதமும் வகுக்கப்பட்டது. இன்று அந்நாட்டவருள் பத்துக்கு எட்டுப்பேர் வரை இத்தகைய வீடுகளிலேயே வாழ்கின்றனர்.

ஆயினும் நம்மவர் சிந்தித்தற்குரிய ஒன்றுண்டு. வீடு விலைக்கு வாங்கியதாயினும் உரிமை 99 ஆண்டுகளுக்கே. அதன் பின் அது கழகத்துக்கே மீளும். கேலாங் பகுதியில் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் வீடுகளின் நிலம் 2020ஆம் ஆண்டின் இறுதியில் நட்டஈடின்றி அரசிடம் மீண்டது. முதுசொம் என்றும் சீதனம் என்றும் காணியைத் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கும் நமக்கு இது வியப்பாகவே தோன்றும். கூரையின்றி நிற்பவனுக்கு 99 ஆண்டு நெடுங்காலம். பேரப்பிள்ளையை எண்ணுபவனுக்கோ அது குறுங்காலம்.

எனினும், பரம்பரைக் காணியே இல்லாதவனுக்கு முதுசொம் என்னும் சொல்லால் யாது பயன்? நகரங்களை வகுப்போர் முதலில் விடையிறுக்க வேண்டிய வினா இதுவே.